எர்த்துக் கம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

உங்கள் சித்தப்பா டாக்டர் பட்டம் வாங்கினதைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம் அப்புறம் சொல்கிறேன் என்று தட்டிக்கழித்து வந்திருக்கிறேன். உங்களில் மூத்தவள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பிறக்கவே இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன். அந்தப் படிப்பில் எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுத முடியும். உங்களுக்கு அவர் சித்தப்பா என்றாலும் எனக்குத் தம்பி. எழுதும்போது அவன் இவன் என்றுதான் கை போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் தம்பி மெட்ராஸில் எலெக்ட்ரிகல் எஞ்சினீயரிங் முடித்தான். அதற்கு மேல் இன்னொரு பட்டமும் வாங்கினான். வேலைக்குப் போவான் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதே காலேஜில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டேன் என்று கார்டு போட்டான். எனக்கு அன்று பிடித்த பயம் நாலைந்து வருடம் விடவில்லை. மற்ற படிப்பு என்றால் இத்தனை வருடம், இத்தனை பரீட்சை, பாஸானால் வெளியே வரலாம் என்று ஒரு கணக்கு உண்டு. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. முதலில் கொஞ்ச நாள் வகுப்பு, அதற்கு ஒரு பரீட்சை. பிறகு பேராசிரியர்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்பார்கள், அதில் தேற வேண்டும். அயல்நாட்டுப் பாஷை ஒன்று படித்துத் தேற வேண்டும். தம்பி ஜெர்மன் எடுத்தான். லீவில் வந்தவன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதை முணுமுணுப்பதைக் கேட்டு, உங்கம்மா ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் அவனுக்குத் திருநீறு பூசிவிட்டாள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம் என்றான். இதுவரை உலகத்தில் யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம். கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, பட்டம் வராது, அவ்வளவுதான் என்றான்.

நமது நிலம் திருச்சுழிக்குப் போகிற ரோட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் புஞ்சைக்காரர் எனக்கு முறைக்கு மாமா. நான் தினமும் சைக்கிளில் அருப்புக்கோட்டை டவுனுக்குப் போய் ஜின்னிங் மில்லில் பருத்தி எடை போடுவேன். போகும்போது அவர் வரப்பில் நின்று நிறுத்துவார்.

"என்ன மாப்ளே, ஒந்தம்பி இன்னும் அதே கிளாஸ்லதான் இருக்கானா?"

"இது கிளாஸு இல்ல மாமா."

"அப்ப பெயிலும் இல்ல, பாஸும் இல்ல. நல்ல படிப்புதான். வாத்தியார மாத்திப் பாருப்பா."

இதைத் தமாஷாகத்தான் சொல்வார். ஆனால் டவுன் போய்ச் சேரும்வரை அது என் சைக்கிளோடு கூடவே வரும்.

ஒரு வருடம் தை கழிந்து தம்பி வந்தான். கூடவே இரும்புக் கம்பிகளும், ஒரு மரப்பெட்டியும், சுருள் சுருளாக வயரும் பஸ் மேலிருந்து இறங்கின. அவன் எடுத்துக்கொண்ட விஷயம் எர்த்து. மோட்டாரில் ஏதாவது கோளாறாகி மின்சாரம் கசிந்தால், அது தொடுகிற ஆளின் மேல் பாயாமல் மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்குத்தான் மோட்டாரிலிருந்து ஒரு வயரை இழுத்து மண்ணில் புதைத்த கம்பியோடு கட்டுகிறார்கள். மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் சுலபமாக இறங்கும், காய்ந்தால் மண்ணே தடுக்கும். நம் பக்கம் மாதிரி மாதக்கணக்காகக் காய்கிற பூமியில் அந்தத் தடுப்பு எவ்வளவு ஏறுகிறது, கரிசலில் எப்படி, செவல் என்கிற செம்மண்ணில் எப்படி என்று யாரும் ஒழுங்காக அளந்து வைக்கவில்லையாம். நம் நிலத்தில் இரண்டு மண்ணும் உண்டு. கிணற்றை ஒட்டிக் கரிசல், அந்தக் கோடியில் பாதையோரம் செவல். இரண்டு இடத்திலும் கம்பி அடித்தான். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் முள் நகர்ந்து தடுப்பு இவ்வளவு என்று காட்டும்.

உங்கம்மா கஞ்சி கொண்டுவந்தவள், இது என்ன தம்பி என்று கேட்டாள். அவன் கம்பியைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே, "இதுவும் எர்த்துதான் மதினி, நம்ம மோட்டாருக்கு இருக்குல்ல, அது மாதிரி" என்றான். இருவருக்கும் அது சாதாரணப் பேச்சு.

பிறகு மெட்ராஸ் போய்விட்டான். மாதத்துக்கு ஒரு தரம் வந்து அளந்துவிட்டு மறுநாளே திரும்புவான். அந்த வருடம் பங்குனியிலேயே வெயில் கொளுத்தியது. கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. செவல் கம்பியில் அவன் நினைத்தபடியே தடுப்பு ஏறிக்கொண்டு போனது. கரிசல் கம்பியில் ஏறவில்லை. சித்திரையில் வந்து பார்த்தான், அப்போதும் ஏறவில்லை. பெட்டியில் கோளாறோ என்று வேறு பெட்டி கொண்டுவந்து சுற்றிப் பார்த்தான். அதே அளவுதான்.

வெடித்துக் கிடக்கிற கரிசல் அடியில் ஏதோ ஒரு விதத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, இதை இதுவரை யாரும் எழுதவில்லை என்று தம்பி முடிவு கட்டினான். அவனுக்கு வழிகாட்டுகிற பேராசிரியரிடம் போய்ச் சொல்ல, அவருக்கும் சந்தோஷம். அதை வைத்து ஒரு அத்தியாயமே எழுதிவிட்டான். பேராசிரியர் கூட்டத்தில் அதை எடுத்துச் சொல்ல நாளும் குறித்துவிட்டார்கள். அதில் ஒப்புக்கொண்டால் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அதற்கு முந்தின வாரம் ஊருக்கு வந்தான். அவ்வளவு கலகலப்பாக அவனை நான் பார்த்ததில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினான். வெயிலுக்கு ஏறாத ஒரே மண் நம் கிணற்றடி மண்தான் என்றான். குழம்பு ஊற்ற வந்த உங்கம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"தம்பி, அந்தக் கம்பிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் கம்பி மதினி?"

"கெணத்தடியில நீங்க அடிச்சது. நான் தெனம் காலையில ஊத்திட்டுத்தான வாரேன். உப்பப் போட்டுக் கரைச்சு."

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் டவுனில் வளர்ந்தவர்கள் என்பதால் சொல்கிறேன். பம்புசெட்டுக்குக் கரண்டு கொடுத்த காலத்தில் வயர்மேன் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டுப் போவார். வெயில் காலத்தில் எர்த்துக் குழியைக் காயவிடாதீர்கள், உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் மோட்டாரைத் தொட்டவனுக்கு ஷாக் அடிக்கும் என்று. வாசல் தெளிப்பது மாதிரி அதுவும் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கொழுந்தன் வந்து இன்னொரு கம்பியை அடித்து இதுவும் எர்த்து என்று சொன்னதும், மோட்டார்க் குழிக்கு ஒரு குடம் ஊற்றினவள் இதற்கும் ஒரு குடம் ஊற்றினாள். அந்த வருடம் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. குடிக்கிற தண்ணீருக்கு அலைகிற நாளிலும், தம்பி படிப்பு ஆச்சே என்று ஒரு குடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறாள். ஊற்றின தண்ணீர் கரிசல் வெடிப்புக்குள் உடனே காணாமல் போய்விடும். கம்பியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான். நிலத்து உவர் என்று நினைத்துக்கொண்டானாம். செவல் கம்பி தூரத்தில் இருந்ததால் அங்கே அவள் போகவில்லை. நான் விடிந்ததும் மில்லுக்குப் போகிறவன், எனக்கும் தெரியாது.

தம்பி சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாக எழுந்து கை கழுவிவிட்டு, வெயிலில் கிணற்றடிக்குப் போய் அந்தக் கம்பியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். அந்த வெள்ளையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். நாங்கள் இருவரும் பின்னாலேயே போய் நின்றோம்.

உங்கம்மா அவன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "இது நம்ம மூணு பேருக்குத்தான தம்பி தெரியும். நான் என் அம்மாகிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்."

"அது இல்ல மதினி." அவன் திரும்பாமலே பேசினான். "இது புத்தகமாயிரும். கரிசலுக்கு இம்புட்டு எர்த்துப் போதும்னு எங்கயோ ஒருத்தன் இத நம்பிக் கம்பி அடிப்பான். அங்க தண்ணி ஊத்த நீங்க இருக்க மாட்டீக. மோட்டாரத் தொட்டவன் செத்தா?"

சாயங்கால பஸ்ஸுக்கே மூட்டையைக் கட்டினான். பஸ் ஏறும்போது உங்கம்மாவிடம், "அடுத்த வருசம் ஊத்தாதீங்க" என்று மட்டும் சொன்னான். அடுத்த வருடம் என்று ஒன்று கொடுப்பார்களா என்பது அவனுக்கே தெரியாது.

மெட்ராஸிலிருந்து கார்டு வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத முடியாது. பட்டத்துக்கு இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு உண்டு, அது அந்தக் கோடையோடு ஏறக்குறைய முடிகிறது. மில்லில் எடைக்கல்லை மாற்றி வைத்து மானேஜரிடம் பேச்சு வாங்கினேன். உங்கம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மோட்டார்க் குழிக்கு ஊற்றப் போகும்போதுகூட இதற்கு ஊற்றலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனாள்.

கார்டு வந்தது. பேராசிரியர் அளவு எழுதின நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தாராம். பிறகு அந்த அத்தியாயத்தைத் தன் கையாலேயே பிரித்து எடுத்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளி வைத்து, பல்கலைக்கழகத்துக்கு எழுதி ஒரு வருடம் கூடுதல் கெடு வாங்கித் தந்திருக்கிறார். ஒரே ஒரு வருடம். அதற்கு மேல் யார் சிபாரிசுக்கும் நீளாது. கரிசல், செவல் இரண்டிலும் ஒரு முழுக் கோடையை மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு அளவும் தம்பி தன் கையால் எடுத்ததாக இருக்க வேண்டும். இடையில் ஒரு பெருமழை பெய்தாலும் மண் காய்ந்துகொண்டே போகிற கணக்கு அறுந்துபோகும். அறுந்தால் அதோடு படிப்பு முடிந்தது.

வானம் பார்த்த பூமிக்காரனுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேகத்தைக் கண்டால் சந்தோஷப்படவே பழகின கண் எனக்கு. அடுத்த கோடையில் மேகத்தைக் கண்டாலே எப்போது கலையும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பியைச் சுற்றி உங்கம்மா முள் வெட்டிப் போட்டு வேலி கட்டினாள். அந்தப் பக்கம் கை கழுவக்கூட மாட்டாள். மாமாவின் ஆடு வேலியோரம் நின்றால், அது ஏதாவது ஈரம் பண்ணிவிடுமோ என்று கல்லை எடுத்துக்கொண்டு ஓடுவாள். மாமா, "உள்ள என்னத்தப் பொதச்சு வச்சிருக்கீக?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, நாங்கள் புதையல் காக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பங்குனி தாண்டியது. சித்திரையும் தாண்டியது. இரண்டு மண்ணிலும் தடுப்பு ஏறிக்கொண்டே போனது. கரிசல் வெடித்துக் கம்பியை விட்டு விலகிவிட்டதால் அதில்தான் செவலைவிட அதிகமாக ஏறியது. போன வருடம் எழுதினதற்கு நேர் எதிர் இது. வைகாசியில் ஒரு கடைசி அளவு பாக்கி. அதற்குள் ஊர் பொறுமை இழந்துவிட்டது. கிணறுகள் வற்றி மாடுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சேர்ந்து மழைக்கஞ்சி எடுத்தார்கள். வீடு வீடாகக் கம்பும் கேப்பையும் வாங்கி, பொதுவில் கஞ்சி காய்ச்சி, மழை இல்லாமல் நாங்கள் இப்படி ஆகிவிட்டோம் என்று வானத்தைப் பார்த்து அழுது குடிப்பார்கள். நம் வீட்டு வாசலுக்கு மாமாவின் பெண்சாதி பானையோடு வந்தாள். எனக்கு அவள் அத்தை முறை.

உங்கம்மா ஒரு கை கம்பு கொண்டுவந்து போட்டாள். அத்தை பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, இம்புட்டுத்தானா? ஒங்க புஞ்சைக்கும் சேத்துத்தான மழை பெய்யுது?"

உங்கம்மா உள்ளே போய் ஒரு படி நிறைய அள்ளிக்கொண்டுவந்து போட்டாள். பெண்களோடு போய் உட்கார்ந்து கஞ்சியும் குடித்து அழுதுவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம், "மனசாரத்தான் குடுத்தேன். ஆனா தம்பி வந்து போகட்டும், பெறகு பெய்னு சேத்துக் கும்பிட்டுட்டேன். அது பாவமாங்க?" என்று கேட்டாள். நானும் நாலு நாளாக அதையேதான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி அளவுக்குக் குறித்த நாளில் தம்பி காலையிலேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதுரை பஸ் காரியாபட்டி தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டதாம், அவன் ஒரு வைக்கோல் லோடு லாரியில் ஏறி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அதற்குள் மேற்கே கறுத்துவிட்டது. எனக்குக் கைப்பிடி சுற்றத் தெரியும், பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டும் நின்றேனே தவிர, தொடவில்லை. அவன் கைதான் அளக்க வேண்டும் என்பது சட்டம்.

கரிசலில் அளவு முடிந்தது. வயரைச் சுருட்டிக்கொண்டு செவலுக்கு ஓடினோம். ஒரு தரம் சுற்றினால் போதாது, திரும்பத் திரும்பச் சுற்றி ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தரம் சுற்றி முடிக்கையில் பெட்டிக் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. மண்வாசனை எழும்பியது. வாழ்க்கையில் அந்த வாசனைக்கு நான் பயந்தது அன்று ஒரு நாள்தான். உங்கம்மா மில்லிலிருந்து நான் கொண்டுவந்திருந்த பெரிய சாக்குப் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆளுக்கு ஒரு பக்கமாகக் கம்பிக்கு மேலே பிடித்தோம். இரண்டு பேர் பிடித்தால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறது.

மாமா துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மழையில் நனைய ஓடிவந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே, என்னலே பண்றீக?"

"பிடிங்க மாமா, பெறகு சொல்லுதேன்."

"கஞ்சியக் குடிச்சிட்டு மழைய மறிக்கிறீகளா? ஊருக்குத் தெரிஞ்சா ஒதைப்பானுகடா."

வாய் இப்படிச் சொன்னாலும் கை ஒரு மூலையைப் பிடித்துவிட்டது. தம்பி படுதாவுக்குக் கீழே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். முள் ஆடி நின்றது. மறுபடி சுற்றினான். "போதும்ணே" என்றான். படுதாவை விட்டோம். அதற்குப் பிறகு பெய்த மழையில் வீட்டுக்குப் போக வழி தெரியவில்லை. மாமா சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உங்கம்மா அழுதாள்.

பயம் அதோடும் போகவில்லை. எழுத வேண்டும், டைப் அடிக்க வேண்டும், பைண்டு பண்ணிக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். மூன்று பேருக்கு அனுப்புவார்கள், அதில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர். மூவரும் சரி என்று எழுதினால்தான் வைவா, அதாவது எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற கடைசிப் பரீட்சை. வெளிநாட்டுக்காரர் பதில் எழுத மாதக்கணக்கானது. சரி என்று அவர் எழுதின பதிலிலும் நிறையக் கேள்விகள்.

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் மெட்ராஸ் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை இங்கிலீஷ் பிடிபடவில்லை. கேட்கிறவர்களின் முகத்தையும் தம்பியின் காதோரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவனுக்குப் பயம் வந்தால் காதோரம் சிவக்கும். ஒரு கேள்விக்கு அவன் தன் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தான். பிறகு ரொம்பச் சின்னதாக ஏதோ சொன்னான். கேட்டவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் சுவரோரம் நின்றோம்.

"அந்தக் கேள்விக்கு என்னலே சொன்ன?"

"தெரியலன்னு சொல்லிட்டேன்ணே."

"எதையாச்சும் சொல்லி வச்சிருக்கலாம்ல? இம்புட்டு வருசம் படிச்சிட்டு தெரியலன்னா சொல்லுவாக?"

"தெரியலண்ணே. அத அளக்கல. அளக்காதத எப்படிச் சொல்ல?"

உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள். பிறகு கதவு திறந்து அவனுடைய பேராசிரியர் தலையை நீட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "டாக்டர், கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

தம்பி நகரவில்லை. பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். வராந்தாவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன்.

"உன்னத்தாம்லே கூப்பிடுறாக. போ."